தூண்டிலும் நீர்நிலையும்

தூண்டில் விளையாட்டில் ஈடுபட்டோர் நீர்நிலைகளை ஒப்பிடுங்கால், எது மிகப் பெரிய மீனைத் தரும் என்பதொன்றையே அளவுகோலாகக் கொள்வர். அவ்வளவுகோல் போதாதென்பது நமது கருத்து.

அமெரிக்கர் பெரிதும் விரும்பும் பாஸ் மீனை நோக்குவோம். அதன் பெயர்பெற்ற இனங்களுள் பெருவாய்ப் பாஸ், நீர்ப்பூண்டு செறிந்து வெதுவெதுப்பாய்த் தேங்கிய நீரை நாடும். சிறுவாய்ப் பாஸ், கற்படுகையுடைய தெளிந்த ஆறுகளிலும் குளிர்ந்த ஏரிகளிலும் செழிக்கும். ஆகவே, மீன் இன்னதென்று கூறாமல் ஏரி சிறந்ததோ ஆறு சிறந்ததோ என்று வினவுதல் வீணேயாம்.

1932-ஆம் ஆண்டில் ஜார்ஜ் பெரி என்பார், ஜார்ஜியா மாகாணத்து ஆக்மல்கி ஆற்றையடுத்த மாண்ட்கோமரி ஏரியில் 22 இராத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள பெருவாய்ப் பாஸைப் பிடித்தார். 2009-இல் ஜப்பான் தேசத்துப் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பார் அதற்கு நிகரான மீனைப் பிடித்து, அப்புகழில் சமபங்கு பெற்றார். எடையொன்றையே கருதின் இரு நீரும் ஒன்றே.

ஆயினும், ஜார்ஜியாவில் அம்மீன் சுதேசி. ஜப்பானுக்கோ 1925-இல் கொண்டுவரப்பட்ட அந்நியன். பிவா ஏரியின் பழங்குடி மீன்கள் அதற்கு இரையாகிக் குறைந்தன. 2005-இல் ஜப்பானிய அரசாங்கம் அதனைத் தீங்கு விளைக்கும் அயலினமெனச் சட்டத்தாற் கட்டுப்படுத்திற்று. ஓரிடத்துச் செல்வம் பிறிதோரிடத்துக் கேடாயிற்றன்றோ!

ஆதலின், ஒரு நீர்நிலையைப் புகழுமுன், அது தூண்டிற்காரனுக்கு ஈந்ததை மட்டுமன்றி, தன் சொந்த மக்களாகிய மீன்களுள் எவற்றை இழந்தது என்பதையும் எண்ணிப்பார்த்தல் அறிவுடையோர் கடனாம்.