தண்ணீர் எதைக் கழுவிற்று?

மழை! மாலை நேரத்து மழை! மகளிர் கல்லூரி வாயிலிலே பேருந்துக்காகக் காத்து நிற்கிறாள் ஏழைப் பெண்ணொருத்தி. வருகிறது ஒரு கார். பளபளப்பான பெரிய கார்! கதவு திறக்கிறது, கனிவான குரல் அழைக்கிறது. ஏறுகிறாள். கார் அவள் வீட்டுக்குச் செல்லவில்லை. ஆளரவமற்ற இடத்துக்குச் செல்கிறது. மறுக்கத் தெரியாத திகைப்பிலே அவள். மறுப்பைக் கேட்கும் பழக்கமில்லாத வசதியிலே அவன். பிறகு வீடு, கண்ணீர், தாயின் அலறல். அடித்த கையே அணைக்கிறது. மகளின் தலையிலே தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்கிறாள் அந்தத் தாய்.

ஜெயகாந்தன் தீட்டிய 'அக்கினிப் பிரவேசம்' இது. 1966இல் 'ஆனந்த விகடன்' வெளியிட்ட சிறுகதை. வெளிவந்ததும் எழுந்த கூச்சல் கொஞ்சமன்று.

மீமிசலிலே, உப்புக் காற்று வீசும் மாலையொன்றில், தோழர்கள் சிலர் கூடி இக்கதையைப் படித்தோம். “காமத்தைக் காட்டிக் காசு பறிக்கும் கதை, குப்பையிலே வீசுக!” என்றார் ஒருவர். “புரட்சிக் கதை, பொன்னெழுத்தில் பொறித்திடுக!” என்றார் மற்றொருவர். இருவருக்கும் மறுப்புரைக்க வேண்டியவனாகிறேன்.

முதலில், முகஞ்சுளிக்கும் தோழருக்கு! காமம் கதையிலே வரலாகாது என்று நமக்குக் கற்பித்தவர் யார்? அகம் என்று தனித்துறை வகுத்துப் பாடிய இனம் நாம். 25 அதிகாரங்களில் 250 குறட்பாக்களை இன்பத்துக்கென்றே ஒதுக்கினார் வள்ளுவர். அதைக் கண்டு நாணி ஏட்டை மூடினோமா? இல்லையே! ஆகவே, ஆணும் பெண்ணும் நெருங்கியதை எழுதினார் என்பது குற்றச்சாட்டாகாது. எப்படி எழுதினார், யார் பக்கம் நின்று எழுதினார் என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியோடு அணுகினால், கதையின் வலிமை தெரிகிறது. வழுக்கி விழுந்த பெண் என்றால் கிணறு, கயிறு, நஞ்சு, இம்மூன்றில் ஒன்றைக் கையில் கொடுத்தே நம் கதாசிரியர் பலர் கதையை முடித்து வந்தனர். இல்லையேல், கெடுத்தவனுக்கே கழுத்தை நீட்டச் செய்து மங்கலம் பாடினர். ஜெயகாந்தனோ அவளை வாழவிட்டார்! அதுவும் யார் வாயிலாக? படித்த சீர்திருத்தக்காரர் வாயிலாக அன்று. ஆசாரத்திலே ஊறிய வைதிகக் குடும்பத்து விதவைத் தாயின் வாயிலாக! சாத்திரம் சொன்னதைத் தள்ளிவிட்டுப் பெற்ற மனம் சொன்னதைக் கேட்கிறாள் அவள். கல்லைப் பிளந்து கசியும் நீர்போன்ற கருணை அது. வாழ்த்துகிறேன், வணங்குகிறேன்.

ஆயினும் தோழர்களே, வாழ்த்திய வாய் ஒன்று கேட்கிறது. அந்தத் தண்ணீர் எதைக் கழுவிற்று?

கழுவினால் போய்விடும் என்கிறாள் தாய். போவதற்கு ஏதோ ஒட்டியிருந்தது என்பது அதன் பொருளல்லவா? கறை இருந்தது, நீக்கினேன் என்பது கருணை. கறையே இல்லை என்பதுதான் அறிவு! திருட்டுக் கொடுத்தவன் வீட்டுக்கு வந்து குளிப்பதுண்டா? ஏமாற்றப்பட்டவனுக்குத் தீட்டுண்டா? பெண்ணுக்கு மட்டும் ஏன் அந்தச் சடங்கு? 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலின் முதற் கட்டுரையிலேயே கற்பு என்ற சொல்லைப் பிடித்து உலுக்கினார் பெரியார். கற்பு என்று ஒன்று உண்டெனில் அது இருபாலார்க்கும் பொதுவாகட்டும் என்றார். அந்த உலுக்கலிலே உதிர்ந்திருக்க வேண்டிய கருத்தை, இக்கதை பெருக்கி ஒதுக்கவில்லை. நீராட்டி உள்ளே வைத்துக்கொண்டது.

தாய்க்கு வேறு மொழி தெரியாதே என்பீர். உண்மை. அவள் பேசியது அவளுக்கு இயல்பான பேச்சே. ஆனால் தலைப்பை வைத்தவர் தாய் அல்லவே! சீதை தீயிலே இறங்கியதைத் தம் கதைக்குப் பெயராக்கியவர் ஆசிரியர். அப்பெயர் சூடியதும், தாயின் குளியலறை யுத்த காண்டத்தின் மறுபதிப்பாகிறது. தீ நீராயிற்று, சோதனை சோதனையாகவே நின்றது.

இன்னொரு குறை. கார் போய்விடுகிறது, கதையிலிருந்தே போய்விடுகிறது! அவளைக் கழுவத் தண்ணீர் உண்டு. அவனைக் கேட்க ஒரு கேள்வியேனும் உண்டா? இல்லை. மழையும் காரும் இசையும் சேர்ந்து படிப்பவனை மயக்குகின்றன. அச்சத்திலே உறைந்த பெண்ணின் மௌனம், காதலின் நாணம்போலத் தோற்றம் கொள்கிறது. எழுத்தின் அழகே இங்கு எதிரியாகிறது.

அந்தக் காலத்தில் அவ்வளவுதான் எழுத முடிந்தது என்று பரிவோர் சிலர். முடியாததா? 1943இலேயே எழுதினாரே புதுமைப்பித்தன், 'சாப விமோசனம்'! இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்ட அகலிகை, தனக்கு விமோசனம் தந்தவனே அவன் என்றும் பாராமல், மீண்டும் கல்லாகிவிடுகிறாளே! அங்கே குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்டவள் பெண்ணல்லள், சோதனை. 23 ஆண்டுகளுக்குப் பின் வந்த கதை, அந்தக் கூண்டைத் திறந்து மீண்டும் பெண்ணையே நிறுத்திற்று. நிறுத்தி, விடுதலையும் செய்தது. விடுதலை நன்று, ஆனால் வழக்கே தவறல்லவா?

ஆசிரியர் இக்கதையோடு நிற்கவில்லை என்பதையும் சொல்வதே நேர்மை. தாய் மறைக்காமல் அலறியிருந்தால் அப்பெண்ணின் கதி என்ன என்று எண்ணி, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற படைப்பு அது. சிறுகதையில் நழுவிச் சென்ற ஆணை, நாவலிலே தேடிப் பிடித்து நிறுத்தினார். தம் கதையின் குறையைத் தாமே கண்ட எழுத்தாளர் என்று அதற்காகப் பாராட்டுவோம்.

பழைய கதைக்கு இன்று ஏன் இவ்வளவு வாதம்? தீ அணையவில்லை, தோழர்களே! வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் உடலில் 'இருவிரல் சோதனை' நடத்தி, அவள் முன்பே பழகியவளா என்று பார்த்தார்கள் மருத்துவர்கள். அது பெண்ணின் உரிமைக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது என்று 2013இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. கூறியும் நிற்கவில்லை! 2022இல் மீண்டும் கண்டித்து, இனி அதைச் செய்பவர் ஒழுங்கீனம் புரிந்தவராவர் என்று எச்சரிக்க நேர்ந்தது. யுத்த காண்டம் மருத்துவமனைக்குள் புகுந்ததற்கு வேறென்ன சான்று வேண்டும்? உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் பெண் இசைந்தாள் என்று கொள்ளலாகாது என 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தெளிவாக்கிற்று. சட்டம் கற்றுக்கொண்டது, ஊர் இன்னும் கற்கவில்லை. “ஏன் காரில் ஏறினாள்?” என்றே இன்றும் கேட்கிறது, “அவன் ஏன் காரைத் திருப்பினான்?” என்று கேட்பதில்லை.

இந்த மீமிசலிலே கல்யாணராமர் கோயில் இருக்கிறது. கல்யாணத்தைப் பெயரிலே வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பின் அந்தப் பெண்ணுக்கு மூட்டிய தீயைப் பெயரிலே வைப்பார் யார்? அதை நினைவூட்டுவது எழுத்தாளனின் வேலை.

எனவே தோழர்களே, கதையை எரிக்கவும் வேண்டாம், தலைமேல் தூக்கவும் வேண்டாம். படியுங்கள். தாயின் அன்பைப் போற்றுங்கள். கையிலுள்ள செம்பைப் பறித்துக் கீழே வையுங்கள். நீங்கள் எழுதப்போகும் கதையிலும் மழை பெய்யட்டும், காதல் மலரட்டும், உடல்கள் நெருங்கட்டும். அவளும் விரும்பி நெருங்கட்டும். அவள் விரும்பாதபோது நெருங்கியவன் இருந்தால், கதை அவனைத் தேடிப் போகட்டும்.

அவள் குளிக்க வேண்டியதில்லை; நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டால் போதும்!