கல்லா குற்றவாளி?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

என் ஊர் கணியூர். தந்தையார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணிக்கட்டு பிரிக்கும் தொழிலாளி. கயிறு அறுப்பதற்கென்று பழனித் திருவிழாவில் ஆசையோடு ஒரு மடக்குக்கத்தி வாங்கினார். அதன் பித்தளைப் பிடியில் சிவப்புக்கல் ஒன்று பதித்திருந்தது. இரண்டே ஆண்டில் அக்கல் உதிர்ந்தது.

"போலிக்கல்லைக் குடுத்து ஏமாத்திட்டாங்க. நீ படிக்கிற பையன், பாத்துச் சொல்லு சாமி" என்று கல்லை என் கையில் வைத்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் படிப்பை நம்பி அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுவே!

ஆய்வுக்கூடத்தில் அக்கல்லால் கண்ணாடியைக் கீறினேன், கோடு விழுந்தது. கத்திமுனையால் கல்லைக் கீறினேன், கீறல் விழவில்லை. மோஸ் கடினத்தன்மை அளவையில் கண்ணாடி ஏறத்தாழ 5.5, சூதுபவளம் போன்ற குவார்ட்ஸ் இனக் கற்கள் 7. ஆகவே கல் கண்ணாடிப் போலியன்று.

குற்றம் எங்கே? பசை முழுவதும் கல்லின் முதுகில் ஏடாக ஒட்டியிருந்தது. பித்தளைக் குழியோ மழமழவென்று வெறுமையாய் இருந்தது. வெயிலில் பித்தளை கல்லைவிட அதிகம் விரியும். குளிர்ந்தால் அதிகம் சுருங்கும். இந்த இழுபறியில் வழவழப்பான பரப்பிலிருந்து பசை விட்டுப்போயிற்று.

கல்லைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். மாலகைட்டின் கடினம் 3.5 முதல் 4 வரைதான். சட்டைப்பையின் மணல் துகளே அதைத் தேய்த்துவிடும். பெரோசாக்கல் வியர்வையையும் எண்ணெயையும் உறிஞ்சி நிறம் மாறும். நம் காங்கேயம் பகுதி நிலாக்கல் அழகானதுதான். ஆனால் பலமாக அடிபட்டால் தளம் தளமாகப் பிளக்கும்.

ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், நூர்ஜஹானுடையது என்று சொல்லப்படும் மணிகள் இழைத்த பழக்கத்தி உள்ளது. முகலாயர் காலக் கைவினைஞர்கள் கல்லைப் பசையின் தயவில் மட்டும் விட்டுவிடவில்லை. குந்தன் முறையில், தூய தங்கத் தகட்டைக் கல்லின் விளிம்பைச் சுற்றி அழுத்திப் பூட்டினார்கள். நமக்குத் தங்கம் வேண்டாம். குழியின் விளிம்பைச் சற்றே உள்மடித்தால் போதுமே!

விற்பவர் கல்லின் பெயரோடு பதித்த முறையையும் சொல்ல வேண்டும். வாங்குபவர் கேட்க வேண்டும். இதுவே என் கருத்து.

குழியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எப்பாக்ஸிப் பசையிட்டுக் கல்லை மீண்டும் பதித்தேன். "கல்லு மேல தப்பில்லீங்கப்பா, அது உக்காந்த எடந்தான் சரியில்லீங்க" என்றேன். தந்தையார் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நண்பர்களே, மின்னும் பொருளைப் பழிக்குமுன் அதைத் தாங்கும் இடத்தையும் பாருங்கள்!