பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பொங்கல், தீபாவளி வந்துட்டா டிவியில ஒரு பட்டிமன்றம் நிச்சயம். தலைப்பும் பெரும்பாலும் ஒண்ணுதான்: கைபேசி மனித உறவுகளை வளர்க்கிறதா, சிதைக்கிறதா? 'சிதைக்கிறது' அணியில ஒருத்தர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கிட்டு, "அந்தக் காலத்துல தபால்காரர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டா..."ன்னு ஆரம்பிப்பார். அரங்கமே உருகும். ஒரே கைதட்டல். முடிஞ்சதும் எல்லாரும் நடுவரோட செல்ஃபி எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க :-)

வருஷக்கணக்கா இந்த ஜல்லியைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு மக்கா. இன்னிக்குக் கொட்டித் தீர்த்துடறேன்.

முதல்ல அந்தப் பொற்காலக் கடிதம். யார் எழுதினது, யார் படிச்சது? 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல எழுதப் படிக்கத் தெரிஞ்ச இந்தியப் பெண்கள் நூத்துக்கு 9 பேர் கூட இல்லை. மத்தவங்க எல்லாம் மனசுல இருக்கிறதை அடுத்த வீட்டுப் பையன்கிட்டயோ தபால்காரர்கிட்டயோ சொல்லித்தான் எழுதணும். புருஷன் அடிக்கிறான்னு பத்தாங்கிளாஸ் பையன்கிட்ட எப்படிச் சொல்லி எழுதுறது? 'இவ்விடம் அனைவரும் நலம்' என்று தொடங்கி அதிலேயே முடிஞ்சுடும். எழுதப் படிக்கத் தெரிஞ்ச மருமகளா இருந்தாலும், வந்த கடிதத்தை முதல்ல பிரிக்கிறது மாமனார் கை. போஸ்ட் கார்டுன்னா கேட்கவே வேணாம், தெருவே படிக்கும்.

என் பெரிய அத்தை கல்யாணமாகிப் போய் நாலு வருஷம் பட்ட பாடு எங்க பாட்டிக்குத் தெரிஞ்சது, அத்தை பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தப்பதான். அதுவரைக்கும் மாசம் ஒரு கார்டு தவறாம வந்துக்கிட்டுதான் இருந்தது. எல்லாத்துலயும் நலம்.

தந்தியைப் பத்திப் பேசவே வேணாம். பிரிக்கிறதுக்கு முன்னாடியே ஒப்பாரி ஆரம்பிச்சுடும். 2013 ஜூலையில அந்தச் சேவையை நிறுத்தினப்போ சகாப்தம் முடிஞ்சதுன்னு உருகினவங்ககிட்ட, கடைசியா நீங்க தந்தி கொடுத்தது எந்த வருஷம்னு கேட்டுப் பாருங்க. ஙேன்னு முழிப்பாங்க.

அப்புறம் எஸ்டிடி பூத். ராத்திரி 11 மணிக்கு மேல கால் கட்டணம்னு வரிசையில நிப்போம். கண்ணாடிக் கூண்டுக்குள்ள சிவப்பு எண்கள் ஓடிக்கிட்டே இருக்கும். எங்க அம்மா பேசினது பாதி மாமாகிட்ட, பாதி அந்த மீட்டர்கிட்ட. "சரிடா, வைக்கிறேன், காசு ஓடுது" என்பதுதான் எங்க குடும்பத்துல அதிகம் பேசப்பட்ட வசனம். ஒருத்தர் மனசு விட்டு அழ ஆரம்பிச்சா எதிர்முனையில இருக்கிறவர் கணக்குப் போட வேண்டிய நிலைமை. இதுதான் நெருக்கமா?

1980கள்ல எங்க சித்தப்பா சவூதிக்குப் போனார். அப்பல்லாம் வளைகுடாவில இருந்து கடிதத்துக்குப் பதிலா கேசட்டுல பேசிப் பதிவு பண்ணி, லீவுல ஊருக்கு வர்றவங்ககிட்ட கொடுத்து அனுப்புவாங்க. கேசட் வந்தா வீடே டேப் ரெக்கார்டரைச் சுத்தி உட்காரும். எங்க பாட்டி, மூணு அத்தைங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, நாங்க வாண்டுகள் எல்லாம் முன்வரிசை. சித்தி கதவோரமா நிப்பாங்க. இத்தனை பேர் கேட்பாங்கன்னு தெரிஞ்சே பேசுற மனுஷன் பொண்டாட்டிக்குன்னு என்ன பேசிடுவார்? "எல்லாரையும் நல்லாப் பார்த்துக்கோ." அவ்வளவுதான். ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் சித்தி அந்த ஒரு வரியை மட்டும் சத்தத்தைக் குறைச்சு வச்சு, திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு.

இப்ப அவங்க மகன் குவைத்துல. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சதும் மகளுக்கு வீடியோ கால்ல வாய்ப்பாடு கேட்கிறான். அவனும் தனியாத்தான் இருக்கான். எட்டுப் பேர் படுக்கிற அறையில கட்டில்ல திரை கட்டிக்கிட்டு இருக்கான். ஆனா அந்தப் பிரிவைக் கொண்டு வந்தது வேலை. செல்போன் வர்றதுக்கு முன்னாடியே அவங்க அப்பாவை அதே வேலைதான் பிரிச்சது. கையில போன் இருக்கிறதால பிள்ளைக்கு அப்பன் குரலாவது மிஞ்சியிருக்கு. இதைச் 'சிதைக்கிறது' அணியில சேர்த்தா எப்படி சார்?

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் கடைசியில ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தருக்குத் தனிமை பிரச்சினை என்கிறது அது. சுளுவா இந்த வரியை மட்டும் எடுத்துக்கிட்டு மேடை ஏறிடுவாங்க. கொஞ்சம் மேல படிங்க. வசதியான நாடுகள்ல தனிமையில தவிக்கிறவங்க ஏறக்குறைய 11 சதவீதம், ஏழை நாடுகள்ல 24 சதவீதம். போன்தான் காரணம்னா போன் கொட்டிக் கிடக்கிற ஊர்லதானே அதிகமா இருக்கணும்? காரணங்கள்ல உடல்நலக் குறைவு, வருமானக் குறைவு, தனியா வசிக்கிறது, ஆளுங்க கூடிப் பேச இடம் இல்லாததுன்னு அடுக்கியிருக்காங்க. டிஜிட்டல் தொழில்நுட்பமும் அந்தப் பட்டியல்ல இருக்கு, மறைக்கலை. ஆனா பட்டியல்ல ஒண்ணாத்தான் இருக்கு.

தொழில்நுட்பத்தைத் திட்டணுமா? தாராளமாத் திட்டுங்க, இடம் பார்த்துத் திட்டுங்க. விரலால தள்ளத் தள்ள முடிவே இல்லாம வந்துக்கிட்டே இருக்குதே, அந்த முறையை 2006-ல வடிவமைச்ச ஏஸா ரஸ்கினே பின்னாடி வருத்தப்பட்டுப் பேசியிருக்கார். நம்ம நேரத்தைப் பிடிச்சு வச்சு விளம்பரத்துக்கு விக்கிற வியாபாரம் அது. அதையும், அம்மாகிட்ட பேசுறதையும் ஒரே பெயர்ல 'செல்போன்'னு கூப்பிட்டுக் குழப்பிக்கிறோம்.

ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவுல "அப்டேட் ப்ளீஸ்"னு கேட்கிற மேனேஜரை எந்தப் பட்டிமன்றத்திலயாவது திட்டிக் கேட்டிருக்கீங்களா? பிரான்ஸ்ல 2017 ஜனவரி 1 முதல், 50 பேருக்கு மேல இருக்கிற நிறுவனங்கள், வேலை நேரம் முடிஞ்சப்புறம் ஊழியரைத் தொந்தரவு பண்றது பத்தி அவங்களோட பேசி ஏற்பாடு செய்யணும்னு சட்டமே வந்தது. இங்க சுப்ரியா சுலே மக்களவையில தனிநபர் மசோதாவாக் கொண்டு வந்தார், சட்டமாகலை. அப்பன் சாப்பாட்டு மேசையில போனை நோண்டுறான்னு பிள்ளை கவிதை வாசிக்குது, எல்லாரும் கைதட்டுறாங்க. அவன் யாருக்குப் பதில் போட்டுக்கிட்டு இருக்கான்னு கேட்கத்தான் ஆள் இல்லை.

எங்க கீழ்வீட்டுல ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர், அவர் மனைவி. பெரியவன் அமெரிக்கா, சின்னவன் ஆஸ்திரேலியா. பாதுகாப்புக்குன்னு போன வருஷம் வாசல், கூடம், சமையலறைன்னு கேமரா மாட்டிட்டாங்க. பசங்க அங்கிருந்தே போன்ல பார்த்துக்கலாம். அதுக்கு முன்னாடி "சாப்பிட்டீங்களாப்பா"ன்னு வாரத்துல மூணு நாள் கால் வரும். கூடத்துல அப்பா இட்லி சாப்பிடறது கண்ணுக்கே தெரியும்போது எதுக்குக் கேட்கணும்? இப்ப ஞாயிற்றுக்கிழமை மட்டும். கேமரா உறவைக் கெடுத்துடுச்சுன்னு தெருவுல பேசிக்கிறாங்க. அடப்பாவிகளா, அந்தப் பசங்களுக்கு லீவு கிடைக்கலைன்னா கொடுக்காத கம்பெனியைத் திட்டுங்க. பத்து நிமிஷம் இருந்தும் கூப்பிடலைன்னா பசங்களைத் திட்டுங்க. சுவத்துல தொங்குற அந்தக் குண்டுக் கண்ணாடி என்ன பண்ணும்?

சார் ஒருநாள் குளிச்சிட்டு வந்து ஈரத்துண்டைக் காயப்போட இடம் தேடி, கூடத்துக் கேமரா மேல போட்டிருக்கார். அரை மணி நேரத்துல பெரியவன்கிட்ட இருந்து கால். அங்க நடுராத்திரி. "அப்பா, என்னாச்சு? படம் வரலையே?" பத்து நிமிஷம் பேசினானாம். பேரன் எழுந்து வந்து அவனும் பேசினானாம்.

இப்பல்லாம் புதன்கிழமை மதியம் ஆனா சார் துண்டைத் தேடறார்.