எலிக்குத் தெரிந்தது தொழிலாளிக்குத் தெரியக் கூடாதா?

வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பிளாஸ்டிக் குழாயும், மில்லில் ஓடும் மின்சாரக் கம்பியின் மேலுறையும் பெரும்பாலும் பி.வி.சி. என்ற சரக்கால் ஆனவை. வினைல் குளோரைடு என்னும் வாயுவிலிருந்து அது தயாராகிறது. இந்த வாயுவின் கதையை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாயுவை ராட்சதக் கொப்பரைகளில் அடைத்துச் சரக்காக்குவார்கள். சரக்கை இறக்கியபின் உட்சுவரில் கசடு ஒட்டியிருக்கும். அந்த நாளில் தொழிலாளியே உள்ளே இறங்கி அதைச் சுரண்டி எடுத்தான். கசட்டில் தங்கிய வாயுவையும் சுவாசித்தான். பத்து லட்சம் பங்கு காற்றில் 500 பங்கு வாயு இருக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதி இருந்தது.

1970-ல் இத்தாலிய டாக்டர் வயோலா, இந்த வாயுவை மிக அதிகமாகச் சுவாசித்த எலிகளுக்குப் புற்றுநோய் கண்டதை வெளியிட்டார். மேற்கொண்டு சோதிக்கும்படி ஐரோப்பியக் கம்பெனிகள் பொலோனா நகர விஞ்ஞானி மால்டோனியிடம் ஒப்படைத்தன.

எலி எதற்கு? மனிதனுக்குப் புற்றுநோய் வெளிப்படப் பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். எலியின் ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டுகள்தான். ஒரு கூட்டத்துக்கு அதிக வாயு, ஒரு கூட்டத்துக்குக் குறைந்த வாயு, மற்றொன்றுக்குச் சுத்தமான காற்று. பிறகு உறுப்புகளை அறுத்துப் பார்த்து ஒப்பிடுவார்கள். தொழிலாளி செத்துத்தான் உண்மை தெரியவேண்டும் என்ற கொடுமையைத் தவிர்க்கவே இந்தச் சோதனை.

1972 இறுதிக்குள் உண்மை தெரிந்துவிட்டது. 250 பங்கிலேயே எலிகளின் ஈரலில் அபூர்வமான ரத்தக்குழாய்ப் புற்று! அனுமதித்த அளவில் சரிபாதி!

கம்பெனிகள் என்ன செய்தன? ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டு முடிவைப் பூட்டி வைத்தன. 1973 ஜூலையில் சர்க்காரின் தொழில் சுகாதார அதிகாரிகளைச் சந்தித்தபோதும் அமெரிக்கக் கம்பெனிகள் இதைப்பற்றி வாய் திறக்கவில்லை. தொழிலாளர்கள் கொப்பரைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

1974 ஜனவரியில், கென்டக்கி மாநிலத்து லூயிவில் ஆலையில் மூன்று தொழிலாளர்கள் ஈரல் புற்றால் மாண்டதை குட்ரிச் கம்பெனி அறிவித்தது. எலிக்கு வந்த அதே புற்று! அதன் பிறகுதான் மூடிவைத்த விஷயம் வெளியே வந்தது.

"எலி வேறு, மனிதன் வேறு" என்று வாதிடுவோர் உண்டு. எலிக்கு வருவதெல்லாம் மனிதனுக்கு வரும் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் எழுந்தால் அதன் பலன் யாருக்கு? ரசாயனத்துக்கா, அதைச் சுவாசிக்கும் மனிதனுக்கா?

அனுமதி அளவை ஒரு பங்காகக் குறைக்கும் உத்தரவு 1975-ல் அமுலுக்கு வந்தது. தொழிலே அழியும், லட்சக்கணக்கானோர் வேலை இழப்பார்கள் என்று முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். அழிந்ததா? இல்லை. கொப்பரைக்குள் ஆளை இறக்காமலே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். தப்பும் வாயுவைப் பிடித்து மீண்டும் பயன்படுத்தினார்கள். ஆலைகள் ஓடின. முன்பே செய்திருக்கக் கூடாதா?

தோழர்களே! இது கடல் கடந்த கதை என்று இருந்துவிடாதீர்கள். நமது மேட்டூரிலும் கடலூரிலும் பி.வி.சி. தயாராகிறது. சாயப் பட்டறையில் ரசாயனம், வயலில் பூச்சிமருந்து. 1984 போபால் படுகொலைக்குப் பின், ஆபத்தான ரசாயனத்தின் தீங்கைத் தொழிலாளருக்கு நிர்வாகம் தெரிவிக்கவேண்டும் என்று 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் தானாக நடந்து வராது. சங்கம்தான் அதை நடத்திவைக்க வேண்டும்.

ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கேட்கட்டும்: இந்த டின்னில் இருப்பது என்ன? பிராணிகளிடம் சோதித்தார்களா? என்ன கண்டார்கள்? நாங்கள் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு இருக்கிறது? பதில் தமிழில், எழுத்தில் வரவேண்டும். பதில் வராத டின்னை நம்பிக் கை வைக்க வேண்டிய கட்டாயம் எந்தத் தொழிலாளிக்கும் இருக்கக் கூடாது!