பல்லில் ஏறிய காவி

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளத் தோழர்கள் சிலர், பல்லை முத்துப்போல் வெளுக்கச் செய்வதாக விளம்பரப்படுத்தப்படும் பற்பசைகளை நம்பலாமா என்று நம்மைக் கேட்கின்றனர். தறியில் உட்கார்ந்தால் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, இடையிடையே டீ. காவி ஏறாமல் என்ன செய்யும்? காவி எங்கே ஏறினாலும் உரசிப் பார்ப்பதுதான் நமது வழக்கமாதலால், இதையும் உரசிப் பார்ப்போம்.

இப்பசைகள் முழுப் புரட்டல்ல. பல்லின் மேலே படிந்த காவி ஓரளவு போகத்தான் செய்கிறது. ஆனால் போக்குவது எது? நுண்ணிய சிலிகாத் தூளும் சுண்ணாம்புக்கல் தூளுமேயாகும். நம் பாட்டிமார் கரியும் செங்கல் தூளும் கொண்டு தேய்த்தார்களே, அதன் நயமான பதிப்புதான் இது. சாதாரணப் பற்பசையிலும் இத்தூள் இருக்கிறது. சிலவற்றில் நீலச்சாயமும் சேர்க்கிறார்கள். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவது எதற்கோ, அதற்கே இதுவும். மஞ்சள் மறைந்து கண்ணுக்கு வெள்ளையாய்த் தெரியும்; சில மணி நேரத்தில் ஓடிவிடும். உண்மையாகவே நிறத்தை வெளுக்கும் பெராக்சைடு மருந்துக்கோ, இரண்டு நிமிஷம் துலக்கி உமிழ்கிற பசையில் பெரிதாய் வேலை செய்ய அவகாசமில்லை.

எது போகாது என்பதை விளம்பரக்காரன் சொல்லமாட்டான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் குடிதண்ணீரிலுள்ள புளோரைடு மிகுதியால், பல் உருவாகும்போதே உள்ளே ஏறிய பழுப்பு எப்பசைக்கும் அசையாது. கல்லாய் இறுகிய காரையைப் பல் வைத்தியர்தான் சுரண்டி எடுக்கவேண்டும். வெறிகொண்டு தேய்த்தாலோ, மேல்தோடாகிய எனாமல் தேய்ந்து போகும். அது திரும்ப வளராது. அதன் அடியிலுள்ளதோ மஞ்சள் நிறம்!

அமாவாசையிலும் சிரார்த்த தினத்திலும் பல்குச்சியைத் தொடாதே என்ற சாஸ்திரத்தை 'ஏன்?' என்று கேட்ட நாம், பெட்டியின் மேல் அச்சடித்த வாக்கியத்தை மட்டும் வேதமாகக் கொள்ளுவதா? புகையிலை கலந்த பற்பொடியையே பல்லுக்கு நல்லதென்று விற்ற நாடல்லவா இது! 1992-ல்தான் சர்க்கார் அதைத் தடை செய்தது.

இவையெல்லாங்கூட அற்ப சங்கதி. காவியைத் துடைப்பதில் உள்ள கவலையில் பாதிகூட, அது எதனால் வந்ததென்பதில் இல்லையே என்பதுதான் நமது வருத்தம். புகையிலை கலவாமல் மென்றாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004-ல் முடிவு வெளியிட்டிருக்கிறது. இதே காஞ்சியில் 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, புகையிலை போடும் பழக்கமுடையவர். 1968-ல் அமெரிக்கா வரை சென்று சிகிச்சை பெற்றும், முதலமைச்சராகி இரண்டாண்டு நிறையுமுன், 1969 பிப்ரவரி 3-ந் தேதி புற்றுநோய்க்குப் பலியானார். அப்படியிருந்தும் தாம்பூலத்தை மங்களமென்று தட்டில் வைத்து நீட்டாத கலியாண வீடு எத்தனை? சுயமரியாதைக் கலியாணங்களையும் சேர்த்தே கேட்கின்றோம்.

பல் துலக்க மலிவான சாதாரணப் பசையே போதும்; காலையும் இரவும் துலக்கினால் சரி. வாயில் வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ கண்டால், அல்லது வாய் முழுதும் திறக்க முடியாமல் இறுகினால், பசையை வைத்துவிட்டு உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டவேண்டும். வெள்ளியில் உறுப்புச் செய்து உண்டியலில் போடுவதை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.