துப்பாக்கி யாருக்குக் காவல்?

“கௌரி லங்கேஷின் கைப்பையில் ஒரு பிஸ்டல் இருந்திருந்தால், அவர் இன்று உயிரோடு இருந்திருப்பார்.”

பெங்களூரு காந்தி பஜாரில் காபி அருந்திக்கொண்டிருந்தபோது துப்பாக்கி ஆர்வலர் ஒருவர் கூறிய சொற்கள் இவை. கௌரி தம் ஏட்டை நடத்திய பசவனகுடிப் பகுதியிலேயே அமர்ந்து இதைச் சொன்னார். அவர் சங் பரிவாரத்தைச் சேர்ந்தவர் அல்லர்; கௌரியின் கொலைக்காக உண்மையிலேயே வருந்துகிறவர். முறையான உரிமம் பெற்று, அரசுத் தொழிற்சாலையில் தயாரான பாயிண்ட் 32 ரிவால்வர் ஒன்றை வைத்திருக்கிறார். தோட்டாவின் எடை, விசை, வேகம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அவர் கூறிய கருத்து அவருடையது மட்டுமன்று. நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் கருத்து அது. ஆகவேதான் அதற்கு விடையிறுக்க வேண்டியுள்ளது.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2017 செப்டம்பர் 5 அன்று இரவு எட்டு மணியளவில், ராஜராஜேஸ்வரி நகரில் தம் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கிய கௌரியை, தலைக்கவசம் அணிந்து காத்திருந்தவன் மிக அருகிலிருந்து சுட்டான். பையைத் திறக்கவும் நேரம் கிடைத்திராத தாக்குதல் அது. அவரது நடமாட்டத்தைப் பல நாட்கள் வேவு பார்த்து, வாகனம், தங்குமிடம், தப்பும் வழி அனைத்தையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்த ஓர் அமைப்பின் வேலை என்பதே சிறப்புப் புலனாய்வுக் குழுவின் முடிவு. 2018 நவம்பரில் தாக்கலான குற்றப்பத்திரிகை 9,000 பக்கங்களைத் தாண்டியது. குற்றம் சாட்டப்பட்டோர் 18 பேர். ஓர் அமைப்பு திட்டமிட்டு வரும்போது தனிமனிதரின் கைப்பைத் துப்பாக்கி என்ன செய்துவிடும்? புனேயில் 2013 ஆகஸ்ட் 20 அன்று நரேந்திர தபோல்கர் காலை நடையின்போது சுடப்பட்டார். கோலாப்பூரில் 2015 பிப்ரவரி 16 அன்று தோழர் கோவிந்த் பன்சாரே துணைவியாருடன் காலை நடை முடித்துத் திரும்புகையில் சுடப்பட்டு, நான்கு நாட்களில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் எம்.எம்.கல்புர்கி தம் வீட்டு வாசலிலேயே வீழ்த்தப்பட்டார். நால்வரும் ஆயுதமின்றி இருந்ததால் கொல்லப்படவில்லை. எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் கொல்லப்பட்டார்கள்.

நண்பர் தோட்டாவை அறிந்தவராதலால் தோட்டாவின் மொழியிலேயே பேசுவோம். கௌரியைக் கொன்றது 7.65 மில்லிமீட்டர் நாட்டுத் துப்பாக்கி. கல்புர்கியைக் கொன்றதும் அதே துப்பாக்கிதான் என்று தடய அறிவியல் ஆய்வு கூறிற்று. 7.65 மி.மீ. என்றாலும் பாயிண்ட் 32 பிஸ்டல் தோட்டா என்றாலும் சரக்கு ஒன்றே. ஒன்று ஐரோப்பியப் பெயர், மற்றது அமெரிக்கப் பெயர். 9 மி.மீ. நம் நாட்டில் காவலருக்கும் படையினருக்கும் உரிய தடைசெய்யப்பட்ட ரகம். பாயிண்ட் 32 உரிமம் பெற்ற குடிமக்களுக்கு அனுமதிக்கப்பட்ட ரகம். கள்ளத் துப்பாக்கிப் பட்டறைகள் 7.65-ஐ விரும்பிச் செய்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. இரும்பைக் கடைந்து துப்பாக்கி செய்துவிடலாம்; நம்பிச் சுடத்தக்க தோட்டாவைக் குடிசைப் பட்டறையில் செய்வது கடினம். அது தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும். தொழிற்சாலைச் சரக்கு சட்டப்படி விற்கப்படும் ரகமாக இருந்தால்தான் அதில் ஒரு பகுதி பின்வாசல் வழியே கசியும்.

“குற்றவாளிக்கு எப்படியும் ஆயுதம் கிடைக்கிறது, சட்டம் நேர்மையானவனைத்தான் நிராயுதபாணியாக்குகிறது” என்பது நண்பரின் வலுவான வாதம். ஆனால் குற்றவாளியின் தோட்டா வானத்திலிருந்து விழுவதில்லை. நேர்மையானவர்களுக்கென்று திறந்த சந்தை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம் கசிவுக்கும் உண்டு. கௌரி வழக்கில் முதல் நூல்முனை கிடைத்ததே தோட்டாவினால்தான். 2018 பிப்ரவரியில் பெங்களூருவில் தோட்டாக்களுடன் பிடிபட்ட ஒருவரிடமிருந்துதான் புலனாய்வு மற்றவர்களைச் சென்றடைந்தது. ஆயுதச் சட்டம் என்ற ஒன்று இருந்ததால்தான் அந்தத் தோட்டாக்களை வைத்திருந்ததே குற்றமாயிற்று. அமெரிக்காவைப் போல் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தால் அவரை எந்தக் காவலரும் நிறுத்தியிருக்க மாட்டார்.

அடுத்து, வரலாறு. ஆயுதக் கட்டுப்பாடு வெள்ளையர் போட்ட விலங்கு என்றார் நண்பர். அதில் பாதி உண்மை. லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அந்த அவமானத்தைக் காந்தி கண்டித்தார். 1931 கராச்சி காங்கிரசின் தீர்மானமும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசிற்று. மறுபாதியை அறிய நண்பர் தாம் நாள்தோறும் நடைபயிலும் கப்பன் பூங்காவின் பெயரைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். மைசூருக்கும் குடகுக்கும் ஆணையராக இருந்த மார்க் கப்பன்தான், ஆங்கிலேயருக்குச் செய்த உதவியைப் பாராட்டி, 1861 பிப்ரவரியில் குடகர்களுக்கு ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து விலக்களித்தவர். அந்த விலக்கு இன்றும் தொடர்கிறது. கொடவர்களுக்கும் ஜம்மா நிலமுடையோருக்கும் குறிப்பிட்ட துப்பாக்கிகளை உரிமமின்றி வைத்திருக்கும் சலுகையை ஒன்றிய அரசு 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் 2021இல் அது செல்லும் என்றது.

கைல்பொல்துத் திருநாளில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டும் கொடவக் குடும்பங்கள் மீது நமக்குப் பகை இல்லை. அந்தச் சமூகம் தன் துப்பாக்கியைப் பெரும்பாலும் கட்டுப்பாட்டுடனேயே கையாண்டு வந்துள்ளது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நாம் கேட்பது வேறு. அதே குடகின் காப்பித் தோட்டங்களில் லைன் வீடுகளில் வாழும் எரவர், பணியர் தொழிலாளிக்கு அந்தச் சலுகை உண்டா? பிறப்பும் நிலமும் யாரிடம் இருந்தனவோ அவர்களிடமே துப்பாக்கியும் இருந்தது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு வந்தவர்களின் கையில் துப்பாக்கி இருந்தது. குடிசையில் எரிந்த 44 பேரிடம் இல்லை. பீகாரில் ரன்வீர் சேனைக்கு ஆள் கொடுத்த நிலவுடைமைக் குடும்பங்களின் துப்பாக்கிகளில் பல உரிமம் பெற்றவை. 1997 டிசம்பர் 1 அன்று லட்சுமண்பூர் பாத்தேயில் 58 பேர் மடிந்தார்கள். ‘ஆயுதமேந்திய குடிமகன்’ என்ற அழகிய சொல், சாதியும் வர்க்கமும் பிளந்த சமூகத்தில் இறங்கும்போது, ஆயுதமேந்திய நிலப்பிரபு என்றே பொருள்படுகிறது. ஒரு ரிவால்வருக்கு லட்ச ரூபாயை ஒட்டிச் செலவிடக் கூடியவர் யார், ‘உயிருக்கு ஆபத்து’ என்று எழுதிக் கொடுத்தால் காவல் அதிகாரி யாருடைய விண்ணப்பத்தை நம்புவார் என்பதும் நாம் அறியாததன்று.

இவ்விடத்தில் நண்பர் புன்னகையுடன் மார்க்சை எடுத்தார். 1850 மார்ச்சில் கம்யூனிஸ்ட் கழகத்துக்கு மார்க்சும் எங்கெல்சும் விடுத்த அறிக்கையில் தொழிலாளர்கள் ஆயுதத்தை ஒப்படைக்கலாகாது என்று இருக்கிறதே, நீங்கள் எப்படி மறுப்பீர்கள் என்றார். அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்களிடமிருந்து கடன் வாங்கிய வாதம் இது. அந்த அறிக்கை, புரட்சி மீண்டும் வெடிக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்த ஜெர்மனியில், தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த தலைமையின்கீழ் கூட்டாக அமையும் காவற்படையைப் பற்றிப் பேசியது. அது தனிநபர் தன் சொத்தைக் காக்கக் கடையில் பிஸ்டல் வாங்கும் உரிமையைப் பற்றியதன்று. அமெரிக்காவிலும் அந்த உரிமை எல்லார்க்கும் இருந்ததில்லை. கலிபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைகள் சட்டப்படி துப்பாக்கியுடன் தெருவில் நின்று காவலர்களைக் கண்காணித்தபோது, 1967இல் அதைத் தடுக்கும் மல்போர்டு சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரொனால்டு ரீகன். தேசியத் துப்பாக்கிச் சங்கமும் அச்சட்டத்துக்கு ஆதரவாகவே நின்றது.

பழைய கதை போதும். பாஜகவின் அரசியல் துப்பாக்கியை எங்கே கொண்டுபோகிறது என்பதே இன்றைய கேள்வி. 2022 மே மாதம், கர்நாடகத்தில் பாஜக ஆட்சியில் இருந்தபோது, குடகின் பொன்னம்பேட்டையில் பள்ளி வளாகத்திலேயே பஜ்ரங் தளம் இளைஞர்களுக்கு ஏர் கன் பயிற்சி அளித்தது, திரிசூலம் வழங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் சிவமொக்காவில், அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பிரக்யா தாக்கூர், இந்துக்கள் வீட்டில் ஆயுதம் வைத்திருக்க வேண்டும், ஒன்றுமில்லையேல் காய்கறி நறுக்கும் கத்தியையாவது தீட்டி வைக்க வேண்டும் என்று மேடையில் முழங்கினார். 2025 மே மாதம் அசாம் அமைச்சரவை ஒரு படி மேலே சென்றது. இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்களில் ‘பூர்வகுடிகளுக்கு’ மட்டும் தாராளமாகத் துப்பாக்கி உரிமம் என்று முடிவெடுத்தது. காவல்துறையை வைத்திருக்கும் அரசே, தன் குடிமக்களில் ஒரு பகுதியினரிடம், அடுத்த வீட்டானைச் சுடத் தயாராயிரு என்கிறது. 2023 முதல் மணிப்பூரில் காவல் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கில் கொள்ளைபோன துப்பாக்கிகள் என்ன செய்தன என்று பார்த்த பிறகும் இந்த முடிவு!

இதற்குப் பின்னால் சந்தையும் நிற்கிறது. 41 படைக்கலத் தொழிற்சாலைகளை 2021 அக்டோபர் 1 அன்று ஏழு நிறுவனங்களாகக் கூறுபோட்டார்கள். திருச்சியும் அருவங்காடும் அதில் அடக்கம். எதிர்த்த தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யவே கூடாதென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரியில் கான்பூரில் அதானியின் மாபெரும் தோட்டா ஆலை திறக்கப்பட்டது. இன்று அவர்களின் வாடிக்கையாளர் ராணுவமும் காவல்துறையும்தான். ஆனால் லாபத்துக்காகத் தோட்டா வார்க்கும் முதலாளி சந்தை விரிவதை விரும்பாமல் இருப்பாரா? அமெரிக்காவில் துப்பாக்கிக் கம்பெனிகள் எப்படி ஓர் அரசியல் சக்தியாயின என்பதை நண்பர் நம்மைவிட நன்கறிவார்.

கௌரியிடம் வருவோம். அவர் ஆயுதத்தை அறியாதவர் அல்லர். கர்நாடகக் காடுகளில் ஆயுதமேந்தியிருந்தவர்களோடு உரையாடி, அவர்களை ஜனநாயக அரசியலுக்கு அழைத்துவரப் பாடுபட்டவர். சிறிமனே நாகராஜும் நூர் ஜுல்பிகரும் 2014 டிசம்பரில் வெளியே வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மற்றவர் கையிலிருந்த துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்த பெண்மணியின் கைப்பையில்தான் ஒரு பிஸ்டலை வைத்துப் பார்க்கிறார் நண்பர்.

அவர் தொடங்கிய வழி அடைபடவில்லை. 2024 நவம்பரில் உடுப்பி மாவட்டக் காட்டில் விக்ரம் கவுடாவை ‘மோதல்’ என்ற பெயரில் காவல்துறை கொன்ற பிறகும், குடிமைச் சமூகத்தினரின் முயற்சியால், 2025 ஜனவரி 8 அன்று மாவோயிஸ்டுகள் ஆறு பேர் பெங்களூருவில் முதலமைச்சர் சித்தராமையாவின் முன் வந்து நின்றனர். ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். ஆயுதத்தைத் துறந்து வந்த அவர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அதே வாரத்தில், கௌரி வழக்கில் கைதான 17 பேரில் கடைசியாகக் காவலில் இருந்தவருக்கும் பெங்களூரு நீதிமன்றம் பிணை வழங்கியது. முன்னதாக 2024 அக்டோபரில் பிணையில் வெளிவந்த இருவருக்கு விஜயபுராவில் மாலையும் காவிச் சால்வையும் அணிவித்து வரவேற்பு நடந்தது. தபோல்கர் வழக்கில் 2024 மே மாதம் சுட்டவர்கள் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சதியின் மூளை என்று சொல்லப்பட்டவர் விடுதலையானார்.

நண்பரின் ரிவால்வர் தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படுகிறது. அது தமக்கு இழைக்கப்படும் அவமதிப்பு என்று குறைப்பட்டுக்கொண்டார். கௌரி வழக்கின் விசாரணை தொடங்கவே 2022 ஜூலை ஆயிற்று. பட்டியலில் 500-க்கும் மேற்பட்ட சாட்சிகள். எட்டு ஆண்டுகள் கடந்தும் தீர்ப்பு இல்லை. அந்த வழக்கை நாள்தோறும் நடத்தக் கோரியும், சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கோரியும் கர்நாடக காங்கிரஸ் அரசுக்கு எழுதவிருக்கும் மனுவை அவரிடம் நீட்டினோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். பேனா கேட்டார்.