வந்து போனவரும் தங்கிப் போனவரும்

விருந்தினர் இரு வகையினர். ஒருவர் வருவார், கூடத்தில் அமர்வார், காப்பி அருந்துவார், வீட்டைப் புகழ்வார், வண்டியேறி விடுவார். மற்றொருவர் நான்கு நாள் தங்குவார். சமையலறை வரை வந்து பேசுவார். குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். முன்னவரை நாம் உபசரிக்கிறோம். பின்னவரையோ அவர் போன பிறகும் பல நாள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடல் கடந்து செல்லும் மேனாட்டு இசைக் குழுக்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேற்றுமையே நினைவுக்கு வருகிறது. பௌதிகம் பயிலும் மாணவிக்கு இசையைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். ஒலியியலைப் படிக்கப் புகுந்தேன். கருவிகளைப் பற்றி அறிந்தேன். கருவிகளிலிருந்து அவற்றைச் சுமந்து திரியும் மனிதர்களிடம் வந்து சேர்ந்தேன். அவ்வளவே என் தகுதி.

ஒரு பெரிய இசைக் குழு பயணம் புறப்படுவதென்றால் அது சிறு காரியம் அன்று. ஏறத்தாழ நூறு பேர் கிளம்ப வேண்டும். ஆள் உயரத்தை மிஞ்சும் டபுள் பாஸ்களும், கொப்பரை போன்ற டிம்பனி முரசுகளும் உடன் செல்ல வேண்டும். மரம் காற்றின் ஈரத்தை உண்ணும், வறட்சியில் சுருங்கும், சில வேளை வெடித்தும் போகும். சுங்கச் சாவடியிலும் தொல்லை உண்டு. 2014-ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் விழா இசைக் குழு நியூயார்க்கில் இறங்கியபோது, வில்லின் நுனியில் யானைத் தந்தம் இருக்கக்கூடும் என்ற ஐயத்தால் ஏழு பிடில் வில்களை அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொண்டனர்.

ஆப்பெராக் குழுவின் பாடு இன்னும் பெரிது. பாடகர்களோடு காட்சித் திரைகளும் உடைகளும் ஊர் ஊராகப் போக வேண்டும். 1906 ஏப்ரல் 17-ஆம் நாள் இரவு, நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பெராக் குழுவின் புகழ்பெற்ற பாடகர் காருசோ சான்பிரான்சிஸ்கோ நகரில் 'கார்மென்' நாடகத்தில் பாடினார். மறுநாள் விடியலில் பூகம்பம்! பின் தொடர்ந்த பெருந்தீயில் அக்குழுவின் திரைகளும் உடைகளும் அழிந்தன.

இவ்வளவு இடரையும் ஏன் ஏற்கிறார்கள்? புகழ் உண்டு, வருவாயும் உண்டு. இவற்றோடு, அரசாங்கங்கள் தம்மால் நேரே பேச முடியாததை இசையின் வாயிலாகப் பேச விரும்புவதும் உண்டு. 1956-இல் பாஸ்டன் சிம்பொனிக் குழு சோவியத் நாட்டுக்குச் சென்றது அத்தகையதே. ஆனால், இசைக் குழு ஒரு நாட்டில் போய் வாசித்துவிட்டால் அந்நாட்டின் கதவு திறந்துவிடும் என்பது உண்மைதானா? என் ஐயம் இங்கேதான் தொடங்குகிறது.

சீனத்தை எடுத்துக்கொள்வோம். பண்பாட்டுப் புரட்சியின் நாட்களில் அங்கே பீத்தோவனை மேடையில் வாசிக்க இடமில்லை. மேனாட்டு இசை பயின்ற ஆசிரியர்கள் துன்புறுத்தப்பட்டனர். 1972-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்ஸன் பீகிங் சென்று வந்தார். அடுத்த ஆண்டே, 1973-இல், லண்டன் பில்ஹார்மானிக், வியன்னா பில்ஹார்மானிக், யூஜின் ஆர்மண்டியின் தலைமையில் பிலடெல்பியா இசைக் குழு என மூன்று பெருங்குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீனம் சென்றன. பிலடெல்பியாக் குழுவினர் பீத்தோவனின் ஆறாம் சிம்பொனியை வாசிக்க வேண்டும் என்று மாவோவின் மனைவி சியாங் சிங் விரும்பினார், அவ்வாறே வாசித்தார்கள். கரவொலி எழுந்தது; படங்கள் எடுக்கப்பட்டன; விமானம் ஏறினார்கள்.

பிறகு நடந்தது என்ன? 1974-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே, கதைத் தலைப்பு ஏதுமில்லாத மேனாட்டு இசையைக் கண்டித்துப் பீகிங் பத்திரிகைகள் பெரும் இயக்கம் தொடங்கிவிட்டன. பீத்தோவனும் ஷூபர்ட்டும் மறுபடியும் குற்றவாளிகள் ஆயினர். மூன்று குழுக்கள் வந்து போன சுவடு ஓராண்டுகூட நிற்கவில்லை.

கதவு பின்னர்த் திறந்தது. ஆனால் திறந்தவர்கள் உள்ளே இருந்தவர்களே. 1976-இல் மாவோ மறைந்தார். 1977-இல், பீத்தோவன் மறைந்த நூற்றைம்பதாம் ஆண்டில், லீ டெலுன் தலைமையில் சீனரின் சொந்தக் குழுவே ஐந்தாம் சிம்பொனியை வாசித்தது. பிறகு 1979-இல் செய்ஜி ஒசாவாவின் தலைமையில் பாஸ்டன் குழு வந்தது. ஒசாவா சீன மண்ணில் பிறந்த ஜப்பானியர். இம்முறை வந்தவர்கள் தனியே வாசித்துவிட்டுப் போகவில்லை. சீனக் கலைஞரோடு ஒரே மேடையில் அமர்ந்தும் வாசித்தார்கள்.

அதே ஆண்டில் பிடில் வல்லுநர் ஐசக் ஸ்டர்ன் சீனம் வந்தார். கச்சேரி செய்ததோடு நில்லாமல் மாணவர்களை அருகே அழைத்துக் கற்பித்தார். 'மாவோவிலிருந்து மொஸார்ட் வரை' என்ற படமாக அப்பயணம் வெளிவந்து ஆஸ்கார் பரிசும் பெற்றது. டான் ஷூஜென் என்னும் முதிய ஆசிரியர், தம்மைப் படிக்கட்டின் கீழே ஒரு சிற்றறையில் பல மாதம் அடைத்து வைத்திருந்த கதையை அதில் சொல்லுகிறார். செலோ வாசிக்கும் ஒரு சிறுவனும் அதில் வருகிறான். அவன் பெயர் வாங் ஜியான். இன்று உலகறிந்த செலோக் கலைஞர் அவர்.

ஸ்டர்ன் வந்ததால்தான் வாங் ஜியான் கலைஞரானார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குத் தந்தையே முதல் ஆசிரியர். இருள் சூழ்ந்த ஆண்டுகளில் கதவைச் சாத்திக்கொண்டு கற்பித்தவர்களே விதையைக் காத்தவர்கள். வெளியிலிருந்து வருபவர் மழை போன்றவர். விதையில்லாத நிலத்தில் மழை பெய்து பயனில்லை. விதையுள்ள நிலத்திலும் ஒரே நாள் கொட்டிவிட்டு ஓடினால் பயன் குறைவே. நின்று பெய்ய வேண்டும்!

இதைப் பிலடெல்பியாக் குழுவினரே பின்னாளில் உணர்ந்தார்கள் போலும். 2012 முதல் சீனத்தில் தங்கிப் பயிற்சி தரும் முறையை மேற்கொண்டார்கள். 2014-இல் நியூயார்க் பில்ஹார்மானிக், ஷாங்காய் சிம்பொனியுடனும் அந்நகரின் இசைக் கல்லூரியுடனும் கூடி இளைஞர்களுக்காக ஒரு பயிற்சிக் கழகத்தையே நிறுவியது.

அதே நியூயார்க் குழு 2008 பிப்ரவரி 26-ஆம் நாள் வட கொரியத் தலைநகரில் வாசித்ததை நண்பர்கள் எனக்கு எதிராக எடுத்துக் காட்டுவதுண்டு. பகைமை பூண்ட இரு நாடுகளின் நாட்டுப் பண்களும் அன்று ஒரே மேடையில் ஒலித்தன. கொரியரின் 'அரிராங்' பாட்டோடு கச்சேரி முடிந்தது. அவையில் இருந்தவர்கள் கை அசைத்து விடை கொடுத்தார்கள். ஆயினும் 2009 மே மாதத்தில் அந்நாடு தன் இரண்டாவது அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. இசையால் குண்டைத் தடுக்க முடியவில்லையே என்று நான் ஏளனம் செய்யவில்லை. பிடிலிடம் அந்த வேலையை ஒப்படைத்தவர்கள்மீதே என் வருத்தம்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2013 செப்டம்பர் 7-ஆம் நாள், பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தா, பவேரிய அரசு இசைக் குழுவோடு ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் வாசித்தார். காஷ்மீரக் கலைஞரும் உடன் வாசித்தனர். அழகான காட்சிதான். ஆனால் உள்ளே சென்றவர்கள் அழைப்புப் பெற்றவர்கள் மட்டுமே. வெளியே கடையடைப்பும் காவலும்! அடுத்த முறை எல்லோரும் வரக்கூடிய இடத்தில் வாசிக்க வேண்டும் என்று மேத்தாவே மேடையில் சொன்னார். அந்தப் பெரியவரின் மனத்தையும் அது உறுத்தியிருக்கிறது.

மறுபுறம், 2006-இல் மும்பையில் தொடங்கிய இந்திய சிம்பொனிக் குழுவைப் பாருங்கள். கஜகஸ்தானத்துப் பிடில் கலைஞர் மராட் பிசென்கலியேவ் அதன் இசை இயக்குநரானார். அயல்நாட்டுக் கலைஞர்கள் வந்து தங்கி வாசித்தார்கள். நம் குழந்தைகளுக்கும் கற்பித்தார்கள். 2019-இல் அக்குழு பிரிட்டனுக்கே சென்று வாசித்துத் திரும்பியது.

இத்தனையும் நம் சங்க மலரில் எதற்கு? சொல்லுகிறேன்.

சென்ற பொங்கல் விழாவில் நாம் ஒரு நாகசுரக் குழுவை வரவழைத்தோம். இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தார்கள். மண்டபம் நிறைந்தது. ஊரை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆன என் தந்தையார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை நான் மறக்கவில்லை. ஒரு நாள் கச்சேரி வீண் என்று சொல்ல எனக்கு மனமும் இல்லை. ஆனால் கச்சேரி முடிந்து சால்வை போர்த்திப் படம் எடுத்தபின், நம் விடுதியில் சமையல் செய்யும் அண்ணனின் மகன் தவிலருகே வந்து நின்றான். பன்னிரண்டு வயதுப் பையன். "இதை நான் கத்துக்கலாமா மாமா?" என்று கேட்டான். தவில்காரர் நல்லவர்; அவன் தலையைத் தடவி, "ஊர்ப்பக்கம் வா தம்பி, சொல்லித் தரேன்" என்றார். அவன் எந்த ஊர்ப்பக்கம் போவான்? அவன் பிறந்ததே இந்த ஊரில்தான். பதினொரு மணி ரயிலுக்கு அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். பையன் இன்றும் சமையற்கட்டின் பின்னால் தண்ணீர் வாளியைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

நம் பயணச் செலவில் பெரும்பகுதி போக வரத்தான் ஆகிறது. பத்துப் பேருக்குப் பதில் நான்கு பேரை அழைப்போம். ஒரே இரவுக்குப் பதில் பதினைந்து நாள் தங்கச் செய்வோம். தக்க சம்பளம் கொடுப்போம். கச்சேரி ஒரு நாள். மற்ற நாட்களில் மாலைதோறும் வகுப்பு. நம் மாணவர்களும் வரலாம். விடுதிக்குப் பின்னால் குடியிருக்கும் தொழிலாளர் பிள்ளைகளும் வரலாம். வங்காளியும் மராட்டியரும் வந்தாலும் மகிழ்ச்சியே. பதினைந்து நாளில் எவரும் தவில் வித்துவான் ஆகிவிட மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனால் விரலில் கூடு மாட்டவும், குச்சி பிடிக்கவும், முதற் பாடத்தைப் பிழையின்றித் தட்டவும் ஒரு பிள்ளை கற்றுக்கொள்வான். அடுத்த ஆண்டு அதே ஆசிரியர் வந்தால் பாடம் தொடரும்.

மண்டபம் இவ்வளவு நிறையாது, மேடை இவ்வளவு பொலியாது என்று செயற்குழு அன்பர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யன்று; நான்கு பேர் வாசித்தால் முழக்கம் குறையத்தான் செய்யும். அந்தக் குறையை ஏற்கலாம் என்பதே என் கருத்து.

பொதுக்குழு கூடும் நாளில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர எண்ணியிருக்கிறேன். எதிர்ப்பவர்கள் வந்து எதிர்க்கட்டும், கேட்டுக்கொள்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.